நானூற்று இருபத்தேழு நாள்

மூன்றாவது தடவையாகச் சொட்டு மருந்தை விட்டு, "கண்ணைத் திறந்துறாதீங்க, இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். நாகரத்தினம் பெஞ்சில் சாய்ந்து, இமையோரம் வழிந்ததைப் பஞ்சால் ஒத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று பக்கத்தில் மகள் அமுதா பேப்பரை விரித்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். சிறுவாணியில் தண்ணீர் எத்தனை அடி, காந்திபுரத்தில் எந்த ரோட்டை அடைக்கிறார்கள், எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம். "இங்க பாரும்மா, குஸ்தி வீரராம்" என்றாள் நடுவில். "'மர்ம வீரன் கிட்டான் காலமானார். முகமூடி அணிந்து ஃப்ரீ ஸ்டைல் குஸ்தியில் கொடிகட்டிப் பறந்த கிட்டான், வயது எழுபத்தெட்டு, வாளையாறில் உள்ள தமது இல்லத்தில் நேற்றுக் காலமானார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தென்னகச் சிங்கம் பட்டத்தைத் தொடர்ந்து நானூற்று இருபத்தேழு நாட்கள் தக்க வைத்திருந்தவர். இன்று மாலை நான்கு மணிக்கு இறுதிச் சடங்கு.' நானூத்தி இருபத்தேழு நாளு! எப்படித்தான் இதையெல்லாம் எண்ணி வெச்சிருக்காங்களோ." பக்கத்தைத் திருப்பிவிட்டாள். வானிலை படிக்க ஆரம்பித்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த எண் நாகரத்தினத்தின் வாய்க்குள் தானாக வந்து நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு ஒருத்தருக்கு, இருநூற்றுப் பதினைந்து இன்னொருத்தருக்கு. கூட்டினால் பேப்பர்காரன் சொல்வது சரிதான், ஆனால் அதைக் கூட்டுவதற்கு அவன் யார். அந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் திருடிக்கொண்டு கிட்டான் செத்துப்போனான். எழுபத்தெட்டா அவனுக்கு? அவள் மனசுக்குள் அவனுக்கு இருபத்தேழுக்கு மேல் ஆகவே இல்லை. கண் மூடியிருக்கிறபோது எதையும் பார்க்காமல் இருக்கலாம் என்று யார் சொன்னது, இப்போதுதான் எல்லாம் வரிசைகட்டிக்கொண்டு வருகிறது. வரிசை என்றால் அந்தப் பட்டத்தின் வரிசைதான். அவளுக்கு அது மனப்பாடம். கல்யாணமான புதிதில் மாரப்பன் மில்லுக்குப் போய்வந்து குளித்துவிட்டு, உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, சாமி கதை சொல்கிற மாதிரி அதைச் சொல்வார். முதலில் கோலார் தங்கவயல் வெங்கடப்பா. சுரங்கத்தில் பாறை உடைத்த கை, பிடித்தால் விடாது. மூன்று வருசம் பட்டம் அவரிடம் இருந்தது, முழங்கால் போனதும் போயிற்று. அடுத்தது பஞ்சாபி கிர்பால், காலையில் முப்பது முட்டை, ஆனால் பல்லிக்குப் பயப்படுவார். அவரை ஜெயித்தது போத்தனூர் டக்ளஸ், ரயில் இஞ்சின் ஓட்டிய ஆங்கிலோ இந்தியர், சட்டைக்காரர் என்பார்கள். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறபோது பட்டத்துக்கான பெல்ட்டையும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அப்புறம் சேலத்தில் சொல்லிப் புதிதாக ஒன்று செய்தார்கள். பழைய பெல்ட்டில் சிங்கம் வாயைத் திறந்திருக்குமாம், புதியதில் மூடியிருந்தது. "ஏனுங்க, வாய மூடிட்டு இருந்தா அது சிங்கமாங்க?" என்று அவள் கேட்டாள். "கடிக்கறப்பத் தொறக்கும் புள்ள" என்றார். சிரிக்கிறபோது அவருக்கு இடது காது கொஞ்சம் அசையும். அது யாருக்கும் தெரியாது. முகமூடிக்குள்ளே காது அசைந்தால் யாருக்குத் தெரியும்.

ஜெயிப்பதும் தோற்பதும் எல்லாம் முன்னாலேயே பேசி வைத்துத்தான் என்பது அவளுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. கான்ட்ராக்டர் புஷ்பநாதன் யாரைச் சொல்கிறாரோ அவர்தான் சாம்பியன். அதைக் கேட்டு அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அதற்கு மாரப்பன், "விழறது பேசி வெச்சதுதான் ரத்தினம். ஆனா கீழ இருக்கற பலகைகிட்ட யாரும் பேசி வெக்கலயே. அது நெசமாத்தான் அடிக்கும்" என்றார். பலகை. அந்த வார்த்தையை இப்போது எதற்கு நினைத்தாள்? வேறு நினைக்க வேண்டும். முகமூடியை நினைக்கலாம். கருஞ்சிவப்புச் சாட்டின் துணி, அவள்தான் கையால் தைத்தாள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒரு பிளவு, பின்னால் கயிறு போட்டு இழுத்துக் கட்டுகிற மாதிரி. தைத்துக்கொண்டே அவர் தலையை அளந்து பார்ப்பாள், நூலை நெற்றியைச் சுற்றி இழுப்பாள், அவர் மாடு மாதிரி பேசாமல் குனிந்து கொடுப்பார். மர்ம வீரன் யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது கான்ட்ராக்டரின் கட்டளை. மில் லைன் வீட்டு ஜனங்களுக்கு மாரப்பன் சனிக்கிழமையானால் கோதா கட்டுகிற வேலைக்குப் போகிற ஆள், அவ்வளவுதான். எழுபத்து நான்காம் வருசம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலியாகக் கிடந்த பட்டத்துக்கு நான்கு பேரை மோதவிட்டு மர்ம வீரனை ஜெயிக்க வைத்தார்கள். ஜனம் எழுந்து நின்று கத்தியது. பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு பெத்த மவராசனோ!" என்றாள். நாகரத்தினம் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சொல்ல முடியாத சந்தோசம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள், அவளுக்கு அது நிசமாகவே சொல்ல முடியாதது. அன்றைக்கிலிருந்து தினம் காலையில் எழுந்ததும் அவர் பெல்ட்டை எடுத்துத் துடைத்து, "இன்னிக்கி எத்தனாவது நாளு?" என்று கேட்பார். அவள் சொல்ல வேண்டும். நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று. இருநூற்று ஒன்பது வரைக்கும் கேட்டார்.

இருநூற்று ஒன்பது சனிக்கிழமை. பொள்ளாச்சி. எதிராளி கிட்டான். எப்போதும் கிட்டான்தான். மாரப்பனுக்குச் சரியான உயரம், சரியான பருமன். வாளையாற்றிலிருந்து வந்து அதே மில்லில் சேர்ந்தவன், மாரப்பனை அண்ணா என்பான், அவளை அண்ணி என்பான். வாரா வாரம் மர்ம வீரனிடம் தோற்பது அவன் வேலை. நன்றாகத் தோற்பான். தூக்கி அடித்தால் பத்தடி உருளுவான், மார்பில் அடித்துக்கொண்டு அழுவான், ஜனம் சிரிக்கும். அன்றைக்கு ஒரு தடவை மட்டும் அவன் மர்ம வீரனைத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே போட வேண்டும், ஜனம் பதற வேண்டும், அப்புறம் மர்ம வீரன் எழுந்து வந்து ஜெயிக்க வேண்டும். போட்டான். ஓரப் பலகையில் தலை இடித்தது. ஜனம் பதறியது. எழுந்து வந்து ஜெயித்தார். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனார். பதினோரு மணிக்கு நாக்கு குழறுகிறது என்று கூட்டி வந்து விட்டார்கள். செவ்வாய்க்கிழமை விடியக்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. சனி, திங்கள், செவ்வாய். நடுவில் ஞாயிறு என்று ஒரு நாள் இருந்தது, அவள் மனசு அந்த இடத்துக்கு வந்ததும் தாண்டிக் குதித்துவிடும். ஐம்பது வருசமாகப் பழகிய கால், இருட்டிலும் சரியாகத் தாண்டும்.

"ஏம்மா, எரியுதா? மூஞ்சிய இப்படிச் சுளிக்கறே" என்றாள் அமுதா. இல்லை என்று தலையை ஆட்டினாள். "மழை வருமாம் ரெண்டு நாளைக்கு. கொடியில துணி காயப்போட்டுட்டு வந்தனே." அமுதாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அப்பா மில்லில் வேலை பார்த்தார், அங்கே வழுக்கி விழுந்து மண்டையில் அடிபட்டுச் செத்தார், தான் அப்போது வயிற்றில். அப்படித்தான் அவளிடம் சொல்லி வளர்த்தது. சட்டம் போட்டு மாட்டிய போட்டோவில் மாரப்பன் மில் அடையாள அட்டைக்கு எடுத்த முகத்தோடு, யாரிடமோ திட்டு வாங்கின மாதிரி நிற்பார். அந்த முகத்தைக் காட்டி, இவர்தான் சாம்பியன் என்றால் யார் நம்புவார்கள். எடுத்துப் போன அன்றைக்கு லைன் வீட்டில் அத்தனை பேரும் வந்தார்கள், நல்ல மனுசன், வாயில்லாப் பூச்சி என்று அழுதார்கள். சாம்பியன் என்று யாரும் சொல்லவில்லை. கிட்டான் தூரத்தில் முருங்கை மரத்தடியில் நின்றிருந்தான், தோள் கொடுக்கக்கூட முன்னால் வரவில்லை. பத்தாம் நாள் கான்ட்ராக்டர் வந்தார். பெல்ட்டைக் கேட்டார், கொடுத்தாள். முகமூடியைக் கேட்டார். அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அவள் எடுக்கவே இல்லை. கை வரவில்லை. அவர் நின்றுகொண்டே சொன்னார்: "மாரப்பன்தான் போயிட்டான் அம்மிணி. மர்ம வீரன் போகல. போகவும் கூடாது. நாலு சில்லாவுல ஜனம் காத்துட்டிருக்குது." அவர் தன் வியாபாரத்துக்குச் சொன்னதுதான், அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. மர்ம வீரன் போகவில்லை. கொடியிலிருந்து அதை எடுத்து, மடித்து, அவளே கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்துச் சுவரொட்டி. மீண்டும் கோதாவில் மர்ம வீரன். கோயிலுக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். நெற்றியும் கழுத்தும் வெறுமையாகப் பெண்கள் பகுதியில் ஒரு ஓரமாய் உட்கார்ந்தாள். கூடாரத்துக்குள்ளிருந்து அவர் வந்தார். அந்த நடைதான். கோதாவில் ஏறுவதற்கு முன் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார், இழுத்துப் பார்த்தார். வலது தோளைச் சுழற்றுவார், சுழற்றினார். இரண்டு வருசமாக வாரா வாரம் எதிரே நின்று அந்த உடம்பைப் பார்த்தவன் கிட்டான். அவனுக்குத் தெரியாத அசைவு மாரப்பனிடம் கிடையாது. அது கிட்டான்தான் என்பது அவளுக்கு முதல் நிமிசத்திலேயே தெரியும். பைத்தியம் பிடித்துவிடவில்லை. ஆனால் தெரிவது ஒரு பக்கம் நின்றது, அவள் ஒரு பக்கம் எழுந்து நின்று கத்தினாள். செத்த வீட்டில் அழுகை வராத தொண்டை அங்கே கிழிந்தது. இருநூற்று நாற்பத்து நான்கு, இருநூற்று ஐம்பத்தொன்று என்று சனிக்கிழமைதோறும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு போனாள். ஈரோடு, திருப்பூர், தாராபுரம், பஸ் பிடித்துப் போனாள், வயிறு வளர வளரப் போனாள். ஐப்பசியில் ஒரு நாள் கூடாரத்துக்குப் பின்பக்கம் போய் நின்றாள். முகமூடியைக் கழற்றப்போன கிட்டான் அவளைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டான். அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பிட வாங்க. அதப் போட்டுட்டு வாங்க. பேச வேண்டாம்." இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அப்போது கூசவில்லை. பசித்தவள் சோற்றைக் கேட்ட மாதிரிதான் கேட்டாள்.

வந்தான். கொல்லைப்பக்கச் சந்து வழியாக வந்து, கதவுக்கு வெளியே நின்று பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே வந்தான். மாரப்பன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான். கொள்ளு ரசம், சோறு, கத்தரிக்காய். வாய்ப் பிளவு வழியாகச் சாப்பிட்டான், துணியில் ரசம் பட்டது, அவள் துடைத்துவிட வேண்டும் என்று கையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். தெருச் சேதியெல்லாம் சொன்னாள். குழாயடியில் யார் யாரோடு சண்டை, மாவு மில்லில் எவ்வளவு கூட்டம், வயிற்றில் பிள்ளை எந்தப் பக்கம் உதைக்கிறது. அவன் தலையை ஆட்டினான். கிளம்புகிறபோது, "இருநூத்தி எண்பத்தேழாவது நாளுங்க" என்றாள். அதற்கும் ஆட்டினான். அப்படி ஒன்பது ஞாயிறு. ஒருநாள்கூட அவன் அவளைத் தொடவில்லை, ஒரு பார்வை தப்பிப் பார்க்கவில்லை. லைன் வீட்டில் ஒருத்தி பார்த்துவிட்டு நாலு விதமாகப் பேசினாள், பேசட்டும் என்று விட்டாள். அவனுக்கு என்ன பாடாய் இருந்திருக்கும் என்று அவள் அப்போது ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. வெயிலில் அந்தச் சாட்டினுக்குள் மூச்சு முட்ட, தன் கையால் போனவனுடைய தட்டில், போனவனுடைய பெண்சாதி போட்ட சோற்றைச் சாப்பிட்டான். தன் கையால். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது. அவள் சொல்லவில்லை. அவன் சொல்லப் பார்த்தான்.

ஒன்பதாம் ஞாயிறு அவன் பாதியில் சாப்பாட்டை நிறுத்தினான். கையைக் கழுவவில்லை. பிளவுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "அண்ணி, அன்னிக்குப் பொள்ளாச்சில—" அந்த முகத்திலிருந்து அந்தக் குரல். "பேசாதீங்க" என்றாள். "ஒருக்கா மட்டும் கேளுங்கண்ணி. கையி வேர்த்துக் கெடந்துச்சு, புடி நழுவி—" "பேசாதீங்கன்னு சொல்றனல்ல!" தட்டைக் காலால் தள்ளிவிட்டாள், சோறு சுவர்வரை சிதறியது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இந்தப் புள்ள மேல ஆண. பொள்ளாச்சியப் பத்தி எங்கிட்டச் சொல்லக் கூடாது. அவரப் பத்தி ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க வாயில அவரு பேரே வரக் கூடாது. போங்க அக்கட்டால" என்றாள். அவன் முகமூடியோடேயே எழுந்து, கொல்லைப்பக்கம் போக மறந்து, தெருப்பக்கமாகப் பட்டப்பகலில் நடந்து போனான். குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"கண்ணு எப்படி இருக்கு, தெறக்காதீங்க, லைட்டு மட்டும் அடிச்சுப் பார்க்கறேன்" என்று நர்ஸ் வந்து இமையைத் தூக்கினாள். ஒரு வெள்ளை வெள்ளம். மறுபடி இருட்டு. "இன்னும் கொஞ்சம் விரியணும்" என்று போய்விட்டாள். நாகரத்தினத்துக்கு அந்த வெள்ளைக்குள்ளே கோதாவின் விளக்குகள் தெரிந்தன. பங்குனி, ஞாயிற்றுக்கிழமை, நானூற்று இருபத்தேழு. அதற்கு முந்தின நாள் கிட்டான் வாசலுக்கு வந்து, முகமூடி இல்லாமல், தலையைக் குனிந்து நின்று, "நாளைக்கி வந்துறாதீங்கண்ணி. நாளைக்கி எடுத்துருவாங்க" என்று இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டுப் போனான். கான்ட்ராக்டர் பேசி வைத்துவிட்டார். சேலம் தங்கப்பன் ஜெயிக்க வேண்டும், பட்டத்தோடு முகமூடியையும் உரிக்க வேண்டும். அவள் நிறைமாத வயிற்றோடு போனாள். மூன்றாம் சுற்றில் மர்ம வீரன் ஒழுங்காக விழுந்தார், நடுவர் மூன்று எண்ணினார், பெல்ட்டைத் தங்கப்பன் எடுத்துக்கொண்டான். அதுவரை எல்லாம் பேசியபடிதான். தங்கப்பன் முகமூடியில் கை வைத்தபோது கிட்டானின் தலை பெண்கள் பகுதிப் பக்கம் திரும்பியது. அவளைப் பார்த்துவிட்டான். இரண்டு கையாலும் முகமூடியைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. தங்கப்பன் காதோரம் என்னவோ சொன்னான், கான்ட்ராக்டர் கீழிருந்து கத்தினார், விடவில்லை. அப்புறம் தங்கப்பனுக்கு நிசமாகவே கோபம் வந்தது. நிசமான அடி வேறு சத்தம் போடும், அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். முதுகில், விலாவில், விரல்களில் அடித்தான். கிட்டான் முட்டி போட்டுத் தலையைப் பலகையோடு அழுத்திக்கொண்டு, பிள்ளையைக் காப்பாற்றுகிற மாதிரி அந்தத் துணியைக் காப்பாற்றினான். கடைசியில் பின்கயிறு அறுந்தது. அவள் கையால் போட்ட தையல் பிரிந்தது. சாயம் இறங்கிச் சிவந்துபோன கிட்டானின் முகம் விளக்கு வெளிச்சத்தில் அழுதுகொண்டு நின்றது. அப்புறம் யாரோ, "அட, நம்ம கிட்டான்டா! இத்தன நாளு இவன் இவன்கிட்டயே தோத்துட்டிருந்தானா!" என்றான். மைதானம் முழுக்கச் சிரித்தது. அப்படிச் சிரித்த பிறகு அந்தப் பட்டத்தை யார் மதிப்பார்கள். தங்கப்பன் எட்டு மாதம் வைத்திருந்தான், அவனோடு அது முடிந்தது. அவள் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்து அன்றைக்குத்தான் மாரப்பனுக்காக அழுதாள். ஏழு மாதம் தள்ளி வைத்த சாவு அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எட்டாம் நாள் அமுதா பிறந்தாள். கிட்டான் மில்லை விட்டு ஊரோடு போய்விட்டான் என்று சொன்னார்கள். அவள் தேடவில்லை.

பேப்பரில் முழுவதும் அவன் பேரிலேயே போட்டுவிட்டார்கள், திருடிவிட்டான் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நினைத்தாளே. எதைத் திருடினான். யாராவது எப்போதாவது வந்து கேட்டிருப்பார்கள், பட்டக் கதையைச் சொல்லுங்கள் என்று. முதல் இருநூற்றுப் பன்னிரண்டு நாள் என்னுடையதில்லை, அது மாரப்பண்ணனுடையது என்று சொல்ல அவனுக்கு எத்தனை நேரம் ஆகும். சொல்லவில்லை. அவர் பேரே வாயில் வரக் கூடாது என்று பிள்ளை மேல் ஆணை வைத்தது யார். அவன் ஐம்பது வருசம் அந்த ஆணையைக் காப்பாற்றினான், முகமூடியைக் காப்பாற்றின மாதிரி. மாரப்பனுடைய நாட்களை அழித்தது அவன் இல்லை. அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சரி, ஞாயிற்றுக்கிழமை. இனி எதற்குத் தாண்டுவது. பொள்ளாச்சியிலிருந்து வந்த மறுநாள், ஞாயிறு, பத்து மணி இருக்கும். மாரப்பன் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றார். அவள் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டே கிட்டானைத் திட்டித் தீர்த்தாள். மாடு மாதிரி வளர்ந்திருக்கிறான், ஆளை எங்கே போடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா, கண் எங்கே போயிற்று அவனுக்கு. அவர் கையைத் தூக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "அவன ஒண்ணும் சொல்லாத புள்ள. நாந்தான் கால மாத்தி வெச்சுட்டேன். அவன் சரியாத்தான் போட்டான். சாயங்காலம் வருவான், பயந்துட்டிருப்பான். நான் தூங்கிட்டன்னா நீ சொல்லிப்போடு, உம்மேல தப்பில்லன்னு அண்ணன் சொன்னாருன்னு." சரி என்றாள். சாயங்காலம் வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "அண்ணன் எப்படிங்கண்ணி இருக்காரு?" என்றான். முகம் வெளுத்திருந்தது. அவளுக்குக் கோபம் தீரவில்லை. கிடக்கட்டும், ஒரு ராத்திரி பயந்து கிடக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். "தூங்கறாரு" என்றாள். கதவைச் சாத்தினாள்.

"அமுதா."

"என்னம்மா?"

"அந்தக் குஸ்திக்காரர் சேதியத் திருப்பி எடு. எத்தன மணிக்குன்னு போட்டிருக்குது?"

பேப்பர் சரசரத்தது. "நாலு மணி. எதுக்கு?"

"இப்ப என்ன மணி?"

"பதினொண்ணே கால்."

"உக்கடத்துல பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல வாளையாறு போயிரலாம்."

"கண்ணுல மருந்த ஊத்தி வெச்சிருக்காங்க, டாக்டரு இன்னும் பார்க்கல, இப்பப் போய் வாளையாறுங்கற. அந்த ஆள உனக்குத் தெரியுமா என்ன?"

"உங்கப்பா அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தாரு. சொல்லாம விட்டுட்டேன்."

அமுதா பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் வருவது தெரிந்தது. அவள் குரல் தணிந்திருந்தது. "என்னன்னு சொல்லச் சொன்னாரு?"

"உம்மேல தப்பில்லைன்னு."

"எப்பம்மா சொன்னாரு?"

நாகரத்தினம் கண்ணைத் திறந்தாள். எல்லாம் வெள்ளையாகக் கரைந்து கிடந்தது, மகளின் முகம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. குரல் வந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப நீ வயித்துல ரெண்டு மாசம்" என்றாள்.